பாப்பாவுக்குப் பதினெட்டு வயது

‘பேரன்பு’ படத்தை நான் இரண்டாம் முறை பார்த்தது கரியாலூரில், ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில், கைபேசியில். மலையில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் கள்ளக்குறிச்சியிலேயே பதிவிறக்கிக்கொண்டு போயிருந்தேன். உடன் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒரு தாய். மூளை முடக்குவாதத்துடன் பிறந்த அவருடைய பத்தொன்பது வயது மகள். வீட்டுவழிக் கல்விக்கான சிறப்புப் பயிற்றுநராக ஏழு ஆண்டுகள் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வந்தவள் நான். பதினெட்டு முடிந்ததும் அந்தப் பெண்ணின் பெயர் என் பதிவேட்டிலிருந்து போய்விட்டது. அதன்பிறகு நான் போவது வேலையாக அல்ல, பழக்கத்தில்.

படம் முடிந்து கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா கேட்டார்: “அந்தப் பொண்ணு நாளெல்லாம் என்ன டீச்சர் பண்ணும்? அப்பன்காரனுக்கு ஏதாவது ஆயிட்டா அப்புறம்?”

ராம் இயக்கி 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்த இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்களை வாசித்திருக்கிறேன். அக்காவின் கேள்வியை அவற்றில் நான் பார்த்த நினைவில்லை. முதல் முறை திரையரங்கில் அழுதுகொண்டே பார்த்த எனக்கும் அது தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படத்தையும், படத்துக்கு வெளியே நம் சட்டங்களையும், பெண்ணியவாதிகளான நம்மையும் பார்க்க முயல்கிறது.

படத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றாலே தமிழ்த் திரை தெய்வமாக்கும், அல்லது சாகடித்துக் கண்ணீர் வாங்கும். ‘அஞ்சலி’யில் குழந்தை இறந்துபோகிறது. ‘பேரன்பு’ அப்படிச் செய்யவில்லை. துபாயிலிருந்து திரும்பும் அமுதவன், மனைவி விட்டுச் சென்றுவிட்ட வீட்டில், தனக்கு அறிமுகமே இல்லாத மகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறான். மகள் பருவமடைகிறாள். அப்பாவின் கை தன்மேல் படுவதை அவள் விரும்பவில்லை. மாதவிடாய்த் துணியை யார் மாற்றுவது என்பது ஒரு தமிழ்ப் படத்தின் மையச் சிக்கலாகிறது. பிறகு அவளுடைய ஆசையும் அப்படியே. ஊனமுற்ற பெண்ணுக்கும் உடல் இருக்கிறது, அந்த உடலுக்கு வேட்கை இருக்கிறது என்று வெகுசனத் திரையில் சொன்னது சின்ன விஷயமல்ல.

எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1994ஐ நினைத்துப் பார்த்தால் தெரியும். மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசுக் காப்பகத்தின் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புணேயில் கருப்பை நீக்க அறுவை செய்யப்பட்டது. மாதவிடாயின்போது அவர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் இயக்கங்கள் எதிர்த்தன. பராமரிப்பவரின் சிரமத்துக்கான தீர்வு, பராமரிக்கப்படுபவளின் உடலை வெட்டுவது என்ற அந்தத் தர்க்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது ‘பேரன்பு’. அமுதவன் தன் சிரமத்தைப் பாப்பாவின் உடல்மீது தீர்க்கவில்லை. அந்த அளவில் இது பெண்ணுக்கு நேர்மையான படம்.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

படம் முழுக்க அவள் பாப்பா. கதாபாத்திரத்தின் பெயரே அதுதான். திண்ணையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமுதவன் “பாப்பா” என்று கூப்பிட்ட ஒரு கட்டத்தில் எங்களோடிருந்த பெண் சட்டென்று திரும்பித் தாயைப் பார்த்தாள். அக்கா சிரித்தார். “ஒன்ன இல்லடி, அந்தப் பொண்ண.” அவளையும் வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது, அழகான பெயர். ஏழு ஆண்டுகளில் அந்தப் பெயரைச் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டது மிகச் சில தடவைதான். அவளைவிட இரண்டு வயது இளைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. அவளை யாரும் பாப்பா என்பதில்லை. ஒருத்தியைக் குழந்தை என்றே அழைத்துக்கொண்டிருந்தால், அவள் வளர்ந்த பிறகு என்ன செய்வாள் என்ற கேள்வி எழவே எழாது. அக்கா கேட்டது ஒரு தாயின் பயத்திலிருந்து. படம் அந்தப் பயத்தைத் தொடவில்லை.

இங்கே 1977இல் வந்த ‘பதினாறு வயதினிலே’ நினைவுக்கு வருகிறது. ஊருக்கே எடுபிடியாக உழைக்கும் சப்பாணிக்கு மயில்தான் சொல்லிக்கொடுக்கிறாள்: சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு, உன் பெயர் கோபாலகிருஷ்ணன். பாரதிராஜாவின் படத்தை அரவணைப்பின் கதையாகவே பலரும் பேசுவார்கள். எனக்கு அது, ஓர் ஊனமுற்ற இளைஞன் பெரியவனாகும் கதை. அவனுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கிறது, உழைப்பு மதிக்கப்படுகிறது, இன்னொருவர்மீது பொறுப்பு வருகிறது. அவன் ஆண் என்பதால் அந்தக் கதையைக் கல்லெடுக்க வைத்துச் சிறைக்கு அனுப்பி முடித்தார்கள் என்பது வேறு பேச்சு. ஆனால் ஆணாக இருந்ததால்தான் அவன் தெருவில் இருந்தான், ஏச்சு வாங்கினான், காசும் வாங்கினான். சப்பாணியின் தங்கை ஒருத்தி இதே உடலோடு இருந்திருந்தால் அவளைப் படம் காட்டியிருக்குமா? அவள் உள்வீட்டில் இருந்திருப்பாள்.

இந்த வேறுபாட்டை நான் மலையில் நேரில் பார்த்திருக்கிறேன். ஊனமுள்ள பையன்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடு ஓட்டுவார்கள். கேலிக்கு ஆளாவார்கள், ஆனாலும் ஊர் அவர்களை அறிந்திருக்கும். பெண்பிள்ளைகள் பூப்படையும்வரை வெளித்திண்ணையில், அதன்பிறகு உள்ளே. பயம் நியாயமானது. தாய் மரவள்ளிக் காட்டுக்குப் போக வேண்டும், தகப்பன் கேரளத்திலோ கர்நாடகத்திலோ தோட்ட வேலையில் மாதக்கணக்காக இருப்பான். கதவைச் சாத்திவிட்டுப் போவதைத் தவிர அந்தத் தாய்க்கு வேறு காவல் என்ன கொடுத்திருக்கிறோம்?

‘பேரன்பு’வின் அமுதவனும் மகளை மனிதர்கள் இல்லாத மலைக்குத்தான் கூட்டிப்போகிறான். ஏரிக்கரையில் ஒற்றை வீடு, மூடுபனி, பறவைகள். இயற்கையின் குணங்களைத் தலைப்பாக வைத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களாகப் படம் விரிகிறது. கேமராவுக்கு அந்த மலை காலியானது. ஆனால் தமிழ்நாட்டில் எந்த மலையும் காலியாக இல்லை. கரியாலூரில் கோடை விழாவுக்கு வந்து படகுச் சவாரி போகிறவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அவர்கள் காணும் அழகிய வெறுமைக்குள்தான் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். படத்தில் வீட்டு வேலைக்கு வரும் விஜி கணவனோடு சேர்ந்து ஏமாற்றி அந்த வீட்டைப் பறிக்கிறாள். அமுதவன் அவர்களுடைய ஏழ்மையைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறான். பெருந்தன்மை அவனுக்கு, தந்திரம் அவளுக்கு. பாப்பா நெருங்கவிட்ட முதல் பெண், கூலிக்குப் பராமரிப்பு வேலை செய்ய வந்தவள். அந்த உழைப்பைப் பற்றிப் படத்துக்குச் சொல்ல எதுவுமில்லை.

கல்வராயன் மலையை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேஜராவது என்றால் என்ன என்று இந்த மலைக்குத் தெரியும். ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து மலை அரசின் கைக்கு முழுமையாக வந்தது 1976இல். மக்கள் வாக்களிக்கத் தொடங்கியது 1996இல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, இம்மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அப்போதுதான் சமவெளிக்காரர்கள் பலர் இந்த ஆண்டுகளைக் கேள்விப்பட்டார்கள். நாடு விடுதலையாகி அரை நூற்றாண்டுவரை ஒரு மலையையே விவரமறியாத பிள்ளையாக வைத்திருந்தோம். அப்படிப்பட்ட மலையில், பழங்குடியாக, பெண்ணாக, ஊனத்தோடு இருப்பவள் பெரியவளாவதற்கு எத்தனை கதவுகளைத் திறக்க வேண்டும்!

சட்டத்தில் கதவுகள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆறு வயது முதல் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. உயர்கல்வியில் 5 விழுக்காடு, அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. தொழிற்பயிற்சிக்குப் பிரிவு 19 இருக்கிறது. விவசாய நில ஒதுக்கீட்டிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 விழுக்காடு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று பிரிவு 37 சொல்கிறது. ஆனால் பதினேழு வயதில் பள்ளிக் கணக்கில் இருக்கும் பிள்ளையைப் பத்தொன்பது வயதில் வேலைக் கணக்கில் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் எனக்குக் கைகாட்ட ஆளில்லை. கல்வி ஒரு துறை, உதவித்தொகை இன்னொரு துறை, தொழிற்பயிற்சி மூன்றாவது, பழங்குடியினர் நலம் நான்காவது. வாரந்தோறும் வந்த பயிற்றுநர் நின்றுபோவார். இயன்முறைப் பயிற்சி நிற்கும். மாற்றுத்திறனாளி மாணவியருக்கென்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தரும் மாதம் 200 ரூபாயும் நிற்கும். இருபத்தோரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்ட சட்டத்தின் கீழ், பதினெட்டாவது பிறந்தநாள் என்பது வாழ்க்கை குறுகும் நாளாக இருக்கிறது.

எண்களும் அதைத்தான் சொல்கின்றன. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்களும் வேலை தேடியவர்களுமாகச் சேர்த்து 23.8 விழுக்காட்டினர்தான். மேல்நிலைக்கு முந்தைய பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ படித்து முடித்தவர்கள் 19.3 விழுக்காடு. மற்றவர்கள் எங்கே? வீட்டில். வீட்டில் என்றால் ஒரு பெண்ணின் பொறுப்பில்.

பெரியவளாகும் அந்த நாளில் அவளுக்காகக் கேட்கப்படும் தாள் ஒன்று உண்டு. வங்கிக் கணக்குக்கோ உதவித்தொகைக்கோ போனால், காப்பாளர் சான்று வாங்கி வாருங்கள் என்பார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் சட்டப்படியான காப்பாளரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கலாம். மூளை முடக்குவாதம் தசைகளைத்தான் கட்டிப்போடுகிறது, புத்தியையும் கட்டிப்போட்டே தீரும் என்பதில்லை. என் முன்னாள் மாணவிக்குப் பேச்சுத்தான் மெதுவாக வரும். வீட்டில் எந்த மாதம் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று அவளைக் கேட்டால் சரியாகச் சொல்வாள். நீ மேஜர் என்று சொல்ல வேண்டிய நாளில், நீ என்றும் மைனர் என்று எழுதிய தாளை அவள் கையில் கொடுக்கிறோம். 2016 சட்டம் பிரிவு 14இல் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்ற வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே காப்பாளர் அவளோடு கலந்து முடிவெடுக்க வேண்டும், அவளுக்குப் பதிலாக அல்ல. இரண்டு சட்டமும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. அலுவலகத்துக்கு எது சுலபமோ அதுதான் நடக்கிறது.

இந்தத் தாள் வெறும் தாள் அல்ல. 2009இல் உச்ச நீதிமன்றம் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், சண்டிகர் அரசுக் காப்பகத்தில் வன்புணரப்பட்டுக் கருவுற்ற, அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கருவை அவளுடைய சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்றது. அவள் பெற்றுக்கொள்ள விரும்பினாள். 2016 சட்டம் சம்மதமில்லாத கருக்கலைப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் அதே வரியில் ஒரு விலக்கையும் வைத்தது: ஊனம் கடுமையானதாக இருந்தால், மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் சம்மதமும் போதும். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவளிடமிருந்தே சம்மதத்தை எடுத்துக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டார்கள்.

‘பேரன்பு’வில் அமுதவன் மகளுக்காக ஆண் ஒருவனைத் தேடிப் பாலியல் தொழில் நடக்கும் இடத்துக்குப் போகும் காட்சியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துணிச்சலான காட்சி என்று பாராட்டினார்கள். எனக்கும் அவன் வலி புரிகிறது. ஆனால் பாப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய பசியைத் தகப்பன் கண்டுபிடிக்கிறான், தகப்பனே விடை தேடுகிறான், கிடைக்காதபோது தகப்பனே அவளைக் கடலுக்குள் அழைத்துப் போகிறான். சாவதா வாழ்வதா என்பதுகூட அவள் முடிவல்ல. மீரா என்ற திருநங்கை காப்பாற்றி, மூவரும் குடும்பமாகிறார்கள். அழகான முடிவுதான். கவனித்தால், பாப்பாவின் எதிர்காலத்துக்குப் படம் கண்ட விடை இன்னொரு பெண், இன்னொரு பராமரிப்பாளர். படத்தைத் தொடங்கிவைக்கும் குரலும் நம்மிடம் சொல்வது, உங்கள் வாழ்க்கை எவ்வளவு ஆசீர்வதிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதைத்தான். அந்த ‘நீங்கள்’ யார்? திண்ணையில் இருந்த இருவரும் அதில் இல்லை.

ஷொனாலி போஸின் ‘மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா’வில் இதே குறைபாடுள்ள லைலா தில்லியில் கல்லூரிக்குப் போகிறாள், பாட்டெழுதுகிறாள், நியூயார்க்கில் படிக்கிறாள், காதலிக்கிறாள். அவளுக்குப் பெயர், படிப்பு, தவறு செய்யும் உரிமை எல்லாம் இருக்கிறது. பணமும் இருக்கிறது. இரண்டு படங்களிலும் நடித்தவர்கள் ஊனமற்ற நடிகைகள். சாதனாவின் நடிப்பைக் குறை சொல்லவில்லை. நடிப்பும் ஒரு வேலைதான், அந்த வேலைகூட இந்தப் பெண்களுக்குப் போகவில்லை என்பதைச் சொல்கிறேன். நிஜ வாழ்க்கையில் ஜீஜா கோஷ் இருக்கிறார். கொல்கத்தாவில் மூளை முடக்குவாத நிறுவனத்தில் பணியாற்றியவர். 2012இல் கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போகையில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். வழக்காடினார். 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. வேலைக்காகப் பயணம் போன ஒரு பெண்ணை, தனியாகப் போக முடியாத நோயாளியாக மட்டுமே பார்த்ததற்கான விலை அது.

இனி நம் பக்கம். பெண்ணியக் கூட்டங்களில் நான் பராமரிப்பு உழைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஊதியமில்லாத உழைப்பு, பெண்கள் முதுகில் ஏற்றப்பட்ட சுமை என்றெல்லாம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் ஒருமுறை அக்காவைப் பற்றி இப்படி அவர் வீட்டிலேயே பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் ‘சுமை’ கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் தாயின் விடுதலையைப் பேசும்போது மகள் பொருளாகிவிடுகிறாள். மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பேசும் மேடைகளில் தாய் காணாமல் போகிறார். அவர் எப்போதும் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அரசு தன் பங்குக்கு, குடும்பத் தலைவிக்குத் தருவதை மகளிர் ‘உரிமை’த் தொகை என்கிறது, கடும் பாதிப்புள்ள மகளுக்கு 2023 ஜனவரி முதல் தரும் 2,000 ரூபாயைப் ‘பராமரிப்பு’ உதவித்தொகை என்கிறது. தாய்க்கு உரிமை, மகளுக்குப் பராமரிப்பு. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்த பிறகு, யாருடைய விடுதலை முதலில் என்று நாம் விவாதிக்கிறோம். மகளுக்கு வேலையும் போக ஓர் இடமும் இருந்தால் மட்டுமே தாய்க்கு ஒரு பகல் கிடைக்கும். இரண்டும் ஒரே கோரிக்கை.

வேலை என்றதும் கணினி, அரசுப் பணி என்று போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் போராடியதால் நூறு நாள் வேலையில் குறைந்த நேர வேலைக்கு முழுக் கூலி என்ற ஏற்பாடு வந்தது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வேலையாகக் கணக்கில் ஏறின. இவளுக்கு எது முடியும் என்று கேட்காமல், இவளால் முடியும்படி வேலையை எப்படி மாற்றுவது என்று கேட்ட ஏற்பாடு அது. பதினான்கு வயதிலேயே இந்தக் கேள்வியைத் தொடங்கியிருக்க வேண்டும். நான் ஏழு ஆண்டுகள் எழுத்தும் வண்ணமும் சொல்லிக்கொடுத்தேன். காசு எண்ணவும் பேருந்தில் ஏறவும் தன் பெயரில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவும் பழக்கவில்லை. என் பாடத்திட்டத்திலும் அவள் பாப்பாதான்.

அவள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருந்தாள். புளிக் காலத்தில் தாயும் மகளுமாக உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். அவளுக்கு வலது கை நன்றாக வரும். எடை போடுகிறவர் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் காசைத் தாயின் கையில் தருவார். கடந்த புளிக் காலத்தில் அவளுடையதைத் தனிக் கூடையில் போடச் சொன்னேன். எடை போட்டவர் சிரித்தார், ஆனாலும் தனியாகப் போட்டார். மிகச் சிறிய தொகைதான். அதை எதற்குச் செலவழிப்பது என்று அன்று மாலையே தாய்க்கும் மகளுக்கும் சண்டை. அக்கா அரிசிக் கடனை அடைக்கலாம் என்றார். அவள் முடியாது என்றாள், அந்தச் சொல்லை உச்சரிக்க அவளுக்கு நேரமெடுத்தது. நான் தலையிடவில்லை. மறுவாரம் போனபோதும் அவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘பேரன்பு’வில் நான் தேடிக் கிடைக்காத காட்சி அதுதான்.